குளிக்கத் தடை

குற்றாலத்திலிருந்து நாளிதழ்களுக்குப் போகும் செய்திகளில் ஒன்று மட்டும் ஆண்டுதோறும் மாறுவதே இல்லை. பேரருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் கொட்டுகிறது, சுற்றுலாப் பயணிகள் குளிக்கத் தடை. வேன் பிடித்துக் குடும்பத்தோடு வந்து, தலையில் எண்ணெயும் வைத்துக்கொண்டு நிற்பவருக்கு வயிற்றெரிச்சலாகத்தான் இருக்கும். தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று ஒரு செல்ஃபி, ஒரு பொட்டலம் நேந்திரங்காய் சிப்ஸ், அத்தோடு வண்டி ஏறிவிடுகிறார்கள்.

அருவியைப் பார்க்கவும் படம் எடுக்கவும் வருகிறவருக்கு அன்றைக்குத்தான் யோகம். பாறை முழுவதும் ஆளில்லாமல் கிடக்கும். குளிக்கிறவர்களைக் கேட்காமல் படம் பிடிக்கும் அநாகரிகத்துக்கும் இடமில்லை. எல்லாவற்றையும்விட, சாதாரண நாளில் அருவி மறைத்து வைத்திருக்கும் சில விஷயங்கள் வெள்ளத்தில்தான் வெளியே தெரிகின்றன. மலையில் எவ்வளவு பெய்தது, எப்போது பெய்தது, இன்னும் வருமா என்பதையெல்லாம் தடுப்புக்கு வெளியே நின்றபடியே ஓரளவு படித்துவிடலாம். அதற்குக் கொஞ்சம் இயற்பியல் வேண்டும், பொறுமை அதைவிட அதிகம் வேண்டும்.

முதலில் தண்ணீர் வரும் வழி. குற்றாலம் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில் இருக்கிறது. தென்மேற்குப் பருவமழைக்கு அது முதுகுப்பக்கம். ஜூன் மாதம் அரபிக்கடலிலிருந்து வரும் ஈரக்காற்று கேரளச் சரிவில் ஏறிக் குளிர்ந்து, பெரும்பகுதி மழையை அங்கேயே கொட்டிவிடுகிறது. முகட்டைத் தாண்டி வருவதும் ஆரியங்காவுக் கணவாய் வழியாக நுழைவதும்தான் நமக்கு. அந்த மிச்சத்துக்குப் பெயர் சாரல். முகட்டில் பெய்வது சிற்றாற்றில் இறங்கி, தேனருவி, செண்பகாதேவி என்று படிப்படியாகக் குதித்துப் பேரருவிக்கு வந்து சேர்கிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நீளும் இந்தக் காலத்தைத்தான் ஊரில் ‘சீசன்’ என்கிறார்கள்.

அக்டோபருக்குப் பிறகு நிலைமை தலைகீழ். வங்கக்கடலிலிருந்து வரும் வடகிழக்குப் பருவக்காற்றுக்கு இதே சரிவு முகப்புப்பக்கமாகிவிடுகிறது. காற்று நேரே வந்து மலையில் மோதி மேலேறுகிறது. குமரிக்கடல் பக்கம் ஒரு காற்றழுத்தத் தாழ்வு வந்து நகராமல் நின்றுவிட்டால், சீசனில் வாரக்கணக்கில் பெய்வது ஓரிரவில் பெய்துவிடும். சாரல் பார்க்க ஆனி, ஆடி. வெள்ளம் பார்க்க ஐப்பசி, கார்த்திகை என்று வைத்துக்கொள்ளலாம்.

மழையை மில்லிமீட்டரில் சொல்லிப் பழகிவிட்டதால் அதன் எடை நமக்கு உறைப்பதில்லை. 1 சதுர கிலோமீட்டர் பரப்பில் 1 மி.மீ. மழை என்றால் 10 லட்சம் லிட்டர், அதாவது 1,000 டன். 10 சதுர கிலோமீட்டர் மலைச்சரிவில் 100 மி.மீ. கொட்டினால் 100 கோடி லிட்டர். இதில் பாதியை மண்ணும் மரமும் பிடித்துக்கொண்டு, மீதிப் பாதி 3 மணி நேரத்தில் ஒரே ஓடை வழியாக இறங்குகிறது என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். நொடிக்கு 46,000 லிட்டர் வருகிறது. அணைக்கட்டுச் செய்திகளின் மொழியில், சுமார் 1,600 கனஅடி.

‘பாதியை மண் பிடித்துக்கொள்ளும்’ என்பதுதான் இந்தக் கணக்கில் நம்ப முடியாத இடம். வெயிலில் காய்ந்து கிடந்த காட்டு மண்ணும் அதன்மேல் மெத்தையாய்க் கிடக்கும் இலைச்சருகும் முதல் மழையை ஏறக்குறைய முழுக்க வாங்கிக்கொள்ளும். நான்கு நாள் விடாமல் பெய்த பிறகு அதே மண்ணில் இடமிருக்காது. ஐந்தாம் நாள் பெய்வது அப்படியே ஓடைக்கு வரும். அளவில் ஒரே மழை, ஒருநாள் அருவியைக் கொஞ்சம் தடிமனாக்கும், இன்னொரு நாள் வளைவை மூழ்கடிக்கும். எனவே நேற்றைய மழையளவை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பக் கூடாது. முந்தைய ஒரு வாரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மழை பெய்வதற்கும் அருவி பெருகுவதற்கும் இடையே ஒரு தாமதம் உண்டு. சமவெளி ஆறுகளில் அது நாள்கணக்கு. செங்குத்தான சிறு மலை ஓடைகளில் நிமிடங்களிலிருந்து சில மணி நேரம்தான். நீங்கள் அருவியடியில் பார்க்கும் தண்ணீர் சற்று முன்பு வேறோர் இடத்தில் பெய்த மழை. தலைக்கு மேல் இருக்கும் வானத்துக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இருக்க வேண்டியதில்லை. 2024 மே 17 அன்று பழைய குற்றாலம் அருவியில் நேர்ந்தது இதுதான். சீசன் தொடங்காத கோடை மாதம். மலையில் பெய்த மழை திடீர் வெள்ளமாக இறங்கியது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் அலறியடித்து ஓட, சிறுவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான்.

இனி பேரருவியின் அமைப்பு. உயரம் ஏறக்குறைய 60 மீட்டர். அந்த உயரத்திலிருந்து ஒரு பொருள் தடையில்லாமல் விழுந்தால் தரையைத் தொடும்போது வேகம் நொடிக்கு 34 மீட்டர், மணிக்கு 120 கிலோமீட்டருக்கு மேல். அப்படி விழும் நீர்த்தாரைக்கு அடியில் யாராலும் தலையைக் கொடுக்க முடியாது. ஆனாலும் லட்சக்கணக்கானவர்கள் கொடுக்கிறார்கள். காரணம், பாதி வழியில் பாறையில் இருக்கும் பள்ளம். பொங்குமாங்கடல் என்று ஊர் அதற்குப் பெயர் வைத்திருக்கிறது. மேலிருந்து வரும் நீர் முதலில் அந்த ஆழத்துக்குள் விழுந்து, சுழன்று, நிரம்பிப் பொங்கி, விளிம்பு வழியாக இரண்டாம் முறை புதிதாக விழத் தொடங்குகிறது. முதல் வீழ்ச்சியின் வேகமெல்லாம் பள்ளத்துக்குள்ளேயே செலவாகிவிடும். அணை கட்டும் பொறியாளர்கள் மதகுக்குக் கீழே ஆற்றல் தணிக்கும் தொட்டி என்று கான்கிரீட்டில் கட்டுவதை, இங்கே ஆறு தானே குடைந்து வைத்திருக்கிறது.

செலவாகும் ஆற்றல் கொஞ்சநஞ்சமில்லை. நொடிக்கு 1,000 லிட்டர் நீர் 60 மீட்டர் இறங்கினால் 588 கிலோவாட். 5 குதிரைத்திறன் பம்புசெட் 150-க்கு மேல் ஒரே நேரத்தில் ஓடுவதற்குச் சமம். அது எங்கே போகிறது? கொஞ்சம் ஓசையாக, கொஞ்சம் காற்றாக, மிகப்பெரும்பகுதி வெப்பமாக. 60 மீட்டர் விழுந்த நீர் மேலே இருந்ததைவிட 0.14 டிகிரி செல்சியஸ் சூடாகியிருக்க வேண்டும். இயந்திர ஆற்றலும் வெப்பமும் ஒன்றுக்கொன்று மாறக்கூடியவை என்று நிறுவிய ஜேம்ஸ் ஜூல், நயாகராவின் அடியில் நீர் ஏறத்தாழ 5-இல் ஒரு பங்கு பாரன்ஹீட் டிகிரி சூடாகியிருக்கும் என்று 1845-இல் எழுதினார். இரண்டாண்டு கழித்துத் திருமணமான கையோடு ஆல்ப்ஸ் மலைக்குப் போனவர், அங்கேயும் ஓர் அருவியில் வெப்பமானியை நீட்டிப் பார்த்தார். பின்னாளில் கெல்வின் பிரபுவான வில்லியம் தாம்சன் இதைச் சொல்லியிருக்கிறார். தண்ணீர் வழியிலேயே திவலையாகச் சிதறிப்போனதால் அளவு தேறவில்லை. புதுமனைவி என்ன நினைத்தார் என்பதைத்தான் யாரும் பதிவு செய்யவில்லை.

வெள்ளத்தில் பொங்குமாங்கடலின் வேலை கெட்டுப்போகிறது. மேல் விளிம்பைத் தாண்டும்போது நீருக்கு முன்னோக்கிய வேகம் ஒன்று இருக்கும். அருவி எவ்வளவு வெளியே தள்ளி விழும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. 20 மீட்டர் விழ 2 நொடி ஆகும். விளிம்பில் நீரின் வேகம் நொடிக்கு 1 மீட்டர் என்றால், அந்த 2 நொடியில் பாறையிலிருந்து 2 மீட்டர் தள்ளி விழும். வேகம் 3 மீட்டரானால் 6 மீட்டர். ஆற்றில் நீர் ஆழமாக ஆக விளிம்பில் வேகம் கூடும், தாரை வெளியே பாயும், பள்ளத்தில் விழ வேண்டிய நீரில் ஒரு பகுதி பள்ளத்தைத் தாண்டிக் குதிக்கும். தணிக்கப்படாத நீர் கீழே வரும். அதோடு மேலேயிருந்து உருட்டி வந்த கல்லும் கட்டையும் வரும்.

பாதுகாப்பு வளைவின் அருமை இங்கேதான் புரியும். குளிப்பவர்களைக் காக்கக் கட்டப்பட்ட அந்த வளைவு, தன்னையறியாமல் ஓர் அளவுகோலாகவும் நிற்கிறது. வளைவுக்கு உள்ளே விழும் நீர் ஒரு வேகத்தைச் சொல்கிறது, வளைவின்மேல் விழும் நீர் இன்னொன்றை, தாண்டி விழுவது மூன்றாவதை. ‘வளைவைத் தாண்டிக் கொட்டுகிறது’ என்று செய்தியாளர் எழுதும்போது, விளிம்பில் நீரின் வேகத்தைத்தான் எழுதுகிறார். குற்றாலத்தின் இன்னோர் அருவியான ஐந்தருவியில் வளைவுக்குப் பதில் கிளைகளைப் பார்க்கலாம். ஐந்தும் தனித்தனியே தெரிந்தால் ஒருமாதிரி, எதுவும் பிரித்துத் தெரியாமல் ஒரே சுவராக இறங்கினால் வேறுமாதிரி.

நிறத்துக்கு வருவோம். அருவி வெள்ளையாகத் தெரிவது அதில் சிக்கிய காற்றால். நீரும் காற்றும் சந்திக்கும் ஒவ்வொரு பரப்பிலும் ஒளி திரும்புகிறது, விலகுகிறது. எல்லா நிறமும் ஒன்றுபோலச் சிதறுவதால் கண்ணுக்கு வெண்மை. மண் கலந்தால் நீலமும் பச்சையும் உறிஞ்சப்பட்டு, செம்பழுப்பு மிஞ்சும். வெள்ளை பழுப்பாக மாறும் நேரம் மிக முக்கியமானது. ஓடையின் வேகம் இரட்டித்தால் அது உருட்டக்கூடிய கல்லின் எடை இரட்டிப்பதோடு நிற்காது, 64 மடங்காகும். வேகத்தின் ஆறாம் அடுக்கு என்பது நீரியலில் பழைய விதி. நேற்றுவரை அசையாமல் கிடந்த கல் இன்று இறங்குவதற்கு, வெள்ளம் பல மடங்காக வேண்டியதில்லை. தெளிந்த நீரில் திடீரென்று சருகும் சுள்ளியும் மிதந்து வந்து, பின்னாலேயே கலங்கலும் வந்தால், மேலே கரை நனைந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அந்த இடத்தில் கேமராவை மடக்கிக்கொண்டு மேடேறுவதுதான் புத்திசாலித்தனம்.

காதுக்கும் வேலை உண்டு. ஓடும் நீரின் ஓசையில் பெரும்பங்கு நீருக்குள் அடைபட்ட காற்றுக் குமிழ்கள் துடிப்பதால் வருகிறது. 1933-இல் மார்சல் மின்னார்ட் என்ற விஞ்ஞானி இதற்குச் சூத்திரமே எழுதினார். 1 மி.மீ. ஆரமுள்ள குமிழ் நொடிக்கு 3,300 முறை அதிரும், கிணுகிணுப்பான ஓசை. 1 செ.மீ. குமிழ் 330 முறை, தாழ்ந்த ஓசை. சாரல் நாளின் சலசலப்பில் சிறு குமிழ்கள் அதிகம். வெள்ளத்தில் பெரிய குமிழ்களும், அவற்றைவிடப் பெரிய நீர்மொத்தைகள் பாறையில் அறையும் அதிர்வும் சேர்ந்து, ஓசை நெஞ்சுக்குள் கேட்கும். சத்தம் கூடுவதைவிட, சுருதி இறங்குவதைக் கவனியுங்கள்.

முழங்கால் நீர்தானே என்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. இரண்டு கால்களும் நீரோட்டத்துக்குக் காட்டும் பரப்பு சுமார் 0.15 சதுர மீட்டர். ஓட்டம் நொடிக்கு 1.5 மீட்டர் என்றால் தள்ளும் விசை 17 கிலோ எடைக்குச் சமம், சமாளித்து நிற்கலாம். 3 மீட்டரானால் 17 இரண்டு மடங்காகி 34 ஆகாது, ஏறக்குறைய 70 ஆகும். காலடியில் பாசி. காவலர் விசில் அடிப்பது நம் மகிழ்ச்சியைக் கெடுக்க என்று யாரும் நினைக்க வேண்டாம்.

ஆக, படம் எடுப்பது தடுப்புக்கு வெளியேயிருந்துதான். அதில் நஷ்டமே இல்லை. அருவிக்கு அருகே போனால் லென்ஸ்மீது திவலை படிந்து, எடுத்த படமெல்லாம் புள்ளி புள்ளியாக இருக்கும். விழும் நீர் தன்னோடு காற்றையும் இழுத்துக்கொண்டு வருகிறது. அது தரையில் மோதி நாலாபுறமும் வீசுவதால், நேரெதிரே நிற்பவருக்குத்தான் அதிக ஈரம். பக்கவாட்டில் தள்ளி நின்று, 100 மி.மீ.க்கு மேற்பட்ட லென்ஸால் எடுத்தால் பாறையின் மடிப்புகளும் கிடைக்கும், துடைக்கும் வேலையும் குறையும். லாட்ஜில் ஏசி அறையில் இருந்த கேமராவை வெளியே எடுத்த உடனே லென்ஸ் மங்கும். வெளிக்காற்றின் ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் படிவதுதான் அது. துடைத்தால் மறுபடி மங்கும். பையை மூடியபடியே அரைமணி நேரம் வெளியே வைத்துவிட்டுத் திறந்தால் போதும். வீடு திரும்பியதும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காய வையுங்கள். நம் ஊர் ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்துவிட்டால் சுத்தம் செய்யும் செலவு லென்ஸ் விலையை எட்டிவிடும்.

ஷட்டர் வேகம் பற்றித்தான் எல்லோரும் கேட்பார்கள். நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் இறங்கும் நீர், 1,000-இல் ஒரு நொடியில் 1.5 செ.மீ. நகரும், துளிகள் உறைந்து நிற்கும். 60-இல் ஒரு நொடியில் 25 செ.மீ., கோடுகளாகத் தெரியும். அரை நொடியில் ஏழரை மீட்டர், எல்லாம் கலந்து வழுவழுப்பாகிவிடும். இந்த மூன்றாவது வகைக்காகவே கறுப்புக் கண்ணாடி போன்ற என்டி ஃபில்டர் வாங்குகிறார்கள். காலண்டர்களில் வரும் அருவிகளெல்லாம் இந்த வகை. சாரல் நாளின் மெல்லிய அருவிக்கு அது பொருந்தும், மறுக்கவில்லை. வெள்ளத்துக்குப் பொருந்தாது என்பது என் கருத்து. பழுப்பு நீரை அரை நொடி திறந்து பிடித்தால், கல்லை உருட்டும் வலிமை முழுவதும் படத்திலிருந்து போய்விடுகிறது. 250-இல் ஒரு நொடிக்கும் 1,000-இல் ஒரு நொடிக்கும் இடையே எடுத்துப் பாருங்கள். தொடர்ச்சியான தாரை என்று நாம் நினைப்பது, விழ விழ வேகமெடுத்து, மெலிந்து, மொத்தை மொத்தையாகப் பிய்ந்து, வால் நீண்டு இறங்குவது தெரியும்.

வெண்மையை அளப்பதில் கேமரா ஏமாறும். ஈரக் கரும்பாறை படத்தில் அதிகமாக இருந்தால், காட்சி இருட்டு என்று எண்ணிக்கொண்டு வெளிச்சத்தைக் கூட்டிவிடும். நீர் வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். ஒரு ஸ்டாப் குறையுங்கள். செல்போனில் நீர்மேல் விரல் வைத்து, வெளிச்சத்தைக் கீழே இழுத்தால் சரி. மேகமூட்டமான வேளை இதற்கு நல்லது. ஒளிக்கும் நிழலுக்கும் உள்ள தூரம் அப்போது குறைவு. போலரைசர் ஃபில்டர் இருந்தால் போடுங்கள். நனைந்த பாறையிலும் இலையிலும் பளபளப்பாகத் திரும்பும் ஒளி ஒரு திசையில் மட்டும் அதிர்வது. ஃபில்டரைத் திருப்பினால் அது அடங்கி, அடியிலிருக்கும் பச்சையும் கருமையும் மேலே வரும். வானவில் தோன்றினால் மட்டும் கவனம். வானவில்லின் ஒளியும் அப்படியே ஒரு திசை அதிர்வுடையது. தவறாகத் திருப்பினால் கண்ணெதிரே இருக்கும் வில் படத்தில் இருக்காது. வானவில்லுக்குச் சூரியன் முதுகுக்குப் பின்னால் வேண்டும். உங்கள் தலைநிழலிலிருந்து 42 டிகிரி தள்ளித்தான் வில் விழும். மலை மேற்கே நிற்பதால் பிற்பகலில் சூரியன் முகட்டுக்கு அந்தப் பக்கம் போய்விடும், காலையில்தான் வாய்ப்பு.

கேமராவைக் கீழே வைத்துவிட்டு ஒரு சோதனை. அருவியின் ஒரே இடத்தை ஒரு நிமிடம் இமைக்காத குறையாகப் பாருங்கள். பிறகு பார்வையைப் பக்கத்துப் பாறைக்கு மாற்றுங்கள். பாறை மெல்ல மேலே ஏறும். 1834-இல் ராபர்ட் ஆடம்ஸ் என்பவர் ஸ்காட்லாந்தின் ஃபாயர்ஸ் அருவியில் இதைக் கண்டு எழுதியதால் உளவியலில் இதற்கு அருவி மாயை என்றே பெயர். கீழ்நோக்கிய அசைவை உணரும் மூளைச் செல்கள் அந்த ஒரு நிமிடத்தில் சலித்துப்போகின்றன. மேல்நோக்கிய அசைவை உணர்பவை சலிக்காமல் இருக்கின்றன. அசையாத பாறையைப் பார்க்கும்போது இரண்டும் சமமாகப் பேச வேண்டும். ஒன்று களைத்திருப்பதால் மற்றதன் குரல் ஓங்குகிறது. இதைப் படம் எடுக்க எந்தக் கேமராவாலும் முடியாது.

அருவிக்காற்றில் எதிர்மின் அயனிகள் இருக்கின்றன, அதனால் நோய் தீரும் என்று ஒரு பேச்சு உண்டு. முதல் பாதி உண்மை. நீர் சிதறும்போது காற்றில் எதிர்மின்னேற்றம் சேர்வதை பிலிப் லெனார்ட் 1892-இலேயே ஆராய்ந்து எழுதினார். இரண்டாம் பாதிக்கு அந்த அளவு உறுதி கிடையாது. குளிர்ந்த காற்றும் விடுமுறையும் உடம்புக்கு நல்லது என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

உங்கள் படத்துக்கு அழகைத் தாண்டிய ஒரு பயனும் இருக்கிறது. வெள்ளத்தில் வேகமானியை இறக்கினால் கருவியும் போகும், ஆளும் போவார். அதனால் கரையிலிருந்து வீடியோ எடுத்து, நீரில் மிதக்கும் நுரையும் சருகும் ஒரு காட்சிக்கும் அடுத்ததுக்கும் இடையே எவ்வளவு நகர்ந்தன என்று அளக்கும் முறை வந்தது. ஜப்பானியரான இச்சிரோ ஃபுஜிதாவும் அவரோடு சேர்ந்தவர்களும் 1998-இல் இதை முறைப்படுத்தினார்கள். பொதுமக்கள் செல்போனில் எடுத்த வீடியோக்களிலிருந்தே வெள்ளத்தின் வேகத்தை மதிப்பிடும் அளவுக்கு இன்று அது வளர்ந்திருக்கிறது. நீங்களும் செய்து பார்க்கலாம். செல்போன் நொடிக்கு 30 காட்சிகள் எடுக்கிறது. பாறையில் 3 மீட்டர் இடைவெளி என்று தெரிந்த இரண்டு விளிம்புகளை ஒரு நீர்மொத்தை 9 காட்சிகளில் கடந்தால், 0.3 நொடி, வேகம் நொடிக்கு 10 மீட்டர்.

அதற்குச் சில நிபந்தனைகள். போனைக் கையில் ஆட்டாமல் ஏதாவது ஒரு கைப்பிடிச் சுவரில் ஊன்றிப் பிடிக்க வேண்டும். ஜூம் செய்துகொண்டே எடுக்கக் கூடாது. வளைவு போன்ற அசையாத ஒன்று சட்டகத்துக்குள் இருக்க வேண்டும், அடுத்த முறையும் அதே இடத்தில் நின்று எடுக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் எடுத்த நேரமும் இடமும் பதிவிலிருந்து உதிர்ந்து, படமும் சுருங்கிவிடும். மூலக் கோப்பை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், அனுப்பியே ஆக வேண்டுமென்றால் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்.